எஸ்டிபி தண்ணீரை வயலுக்குத் திருப்பும் முன்

பாதாளச் சாக்கடை உள்ள எந்த ஊரிலும் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் (எஸ்டிபி) ஆய்வறிக்கையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பி.எச். (அமில, கார நிலை), பி.ஓ.டி. (அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிரிகளுக்கு வேண்டிய ஆக்சிஜன்), மிதக்கும் திடப்பொருள், மலக்கோலிஃபார்ம் (மலக்கலப்பைக் காட்டும் பாக்டீரியா) என்று நான்கு எண்கள் இருக்கும். 2017 அக்டோபரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் எஸ்டிபிகளுக்கு வைத்த அளவுகோலில் இருப்பவையும் இவைதான். பி.ஓ.டி. பெருநகரங்களில் லிட்டருக்கு 20 மி.கி., மற்ற ஊர்களில் 30. கோலிஃபார்ம் 100 மில்லிக்கு 1,000-க்குக் கீழே.

இவை நீர்நிலையிலோ நிலத்திலோ வெளியேற்றும் தண்ணீருக்குப் பொதுவாக வைத்த எண்கள். பயிர் வைப்பவருக்கு வேண்டியவை வேறு: உப்பு, சோடியம், தழைச்சத்து, போரான், புழு முட்டை. அந்த அறிக்கையில் இவை பெரும்பாலும் இரா. பி.ஓ.டி. 8 என்று கண்ணாடிபோல வரும் தண்ணீர் சில வருடங்களில் கரிசல் நிலத்தைக் களராக்கிவிடலாம். பி.ஓ.டி. 60 உள்ள கலங்கல் தண்ணீரில் தீவனப்புல் எந்தக் குறையும் இல்லாமல் வளரும். "தண்ணீர் டெஸ்ட் பாஸ் ஆகிவிட்டது" என்று யாராவது சொன்னால், எந்த டெஸ்ட் என்று கேட்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

எந்த ஊரின் சாக்கடை?

வீட்டுச் சாக்கடையும் தொழிற்சாலைக் கழிவும் கலந்து வந்தால் இந்தப் பதிவில் உள்ள கணக்குகள் எதுவும் உதவாது. நொய்யல் கண்முன்னே இருக்கும் சாட்சி. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூரின் சாயக்கழிவு தேங்கி, அந்தத் தண்ணீரே வேண்டாம் என்று உழவர்கள் சொல்லும் நிலை வந்தது. கழிவை முழுக்க மறுசுழற்சி செய்யாத சாயப்பட்டறைகளை மூடச்சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. பாலாற்றங்கரையில் தோல் பதனிடுதலின் உப்பும் குரோமியமும் செய்தது இன்னொரு கதை. சாயமும் தோலும் முலாம் பூசும் பட்டறையும் உள்ள ஊரில், எஸ்டிபி எவ்வளவு நன்றாக ஓடினாலும், உப்பும் உலோகமும் அப்படியே வெளியே வரும். நுண்ணுயிரிகளை வைத்து அழுக்கைத் தின்னவைக்கும் தொட்டிக்கு உப்பை எடுக்கத் தெரியாது.

கலப்பு இருக்கிறதா என்று கண்டுபிடிக்க அதிகச் செலவில்லாத வழி உண்டு. கையடக்க இ.சி. மீட்டர் (கரைந்த உப்பைக் காட்டும் மின்கடத்துதிறனை அளப்பது) ஒன்று வாங்கி, வாய்க்காலில் ஒரு வாரம் தொடர்ந்து அளந்து எழுதுங்கள். காலை 8, மதியம் 2, இரவு 11. வீட்டுச் சாக்கடையின் உப்பு நாள்முழுக்கப் பெரிதாக மாறாது. இரவில் மட்டும் எண் திடீரென்று ஏறினால், அல்லது ஞாயிற்றுக்கிழமை மட்டும் இறங்கினால், மேலே யாரோ எதையோ திறந்துவிடுகிறார்கள். அந்த வாய்க்காலைத் தொடாதீர்கள்.

மீட்டர் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. டிடிஎஸ் (கரைந்த திடப்பொருள்) காட்டும் மலிவான மீட்டர்கள் உள்ளே இ.சி.யைத்தான் அளந்து ஒரு எண்ணால் பெருக்கிக் காட்டுகின்றன. சில மீட்டர்கள் 500 ஆல், சில 640 ஆல், சில 700 ஆல். ஒரே தண்ணீருக்கு இரண்டு மீட்டர் இரண்டு விடை சொல்லும். இ.சி.யை நேரடியாக டெசிசைமன்ஸிலோ மைக்ரோசைமன்ஸிலோ காட்டுவதையே வாங்குங்கள். மீட்டருக்கு 1 டெசிசைமன்ஸ் என்பது சென்டிமீட்டருக்கு 1,000 மைக்ரோசைமன்ஸ்.

உப்புக் கணக்கு

வீட்டுக்குள் போன குடிநீர் சாக்கடையாக வெளியே வரும்போது லிட்டருக்குச் சுமார் 150 முதல் 380 மி.கி. உப்பைக் கூடுதலாகச் சுமந்து வருகிறது. சோறு, சோப்பு, சிறுநீர் எல்லாம் சேர்ந்த கணக்கு அது. ஆகவே ஆற்றுநீர் குடிக்கும் ஊரின் சாக்கடை உப்பு குறைந்தும், ஆழ்குழாய் நீரை நம்பும் ஊரின் சாக்கடை உப்பு மிகுந்தும் இருக்கும். கடலோர ஊர்களில் உடைந்த குழாய்கள் வழியாக உவர் நிலத்தடிநீரும் உள்ளே புகும்.

உலக உணவு, வேளாண்மை நிறுவனத்தின் அளவுகோல்படி பாசன நீரின் இ.சி. 0.7 டெசிசைமன்ஸுக்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 0.7 முதல் 3 வரை கவனத்தோடு பயன்படுத்தலாம். 3-க்கு மேலே போனால் பெரும்பாலான பயிருக்கு ஆகாது. நம் ஊர்ச் சாக்கடை பெரும்பாலும் நடுவில்தான் நிற்கும். அந்த நடுவில் நிலத்தைக் காப்பாற்றுவது, பயிர் குடித்ததற்கு மேல் கொஞ்சம் தண்ணீர் விட்டு உப்பை வேருக்குக் கீழே கழுவி இறக்குவதுதான். எவ்வளவு கூடுதல் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. பயிர் விளைச்சல் குறையாமல் தாங்கும் மண் இ.சி.யை 5 ஆல் பெருக்கி, அதிலிருந்து தண்ணீரின் இ.சி.யைக் கழித்து, வரும் எண்ணால் தண்ணீரின் இ.சி.யை வகுக்க வேண்டும்.

தண்ணீர் 1.5 என்று வையுங்கள். மக்காச்சோளம் தாங்குவது 1.7. ஐந்தால் பெருக்கினால் 8.5, கழித்தால் 7. 1.5-ஐ 7 ஆல் வகுத்தால் 0.21. அதாவது விடும் தண்ணீரில் 21 விழுக்காடு கீழே இறங்கிப் போக வேண்டும். 500 மி.மீ. குடிக்கும் பயிருக்கு 635 மி.மீ. அளவுக்குப் பாய்ச்ச வேண்டியிருக்கும். பருத்தி தாங்குவது 7.7, அதே தண்ணீருக்கு 4 விழுக்காடு போதும். பீன்ஸ் தாங்குவது 1.0 மட்டுமே; கணக்குப் போட்டால் 43 விழுக்காடு வருகிறது, ஆகவே பீன்ஸை மறந்துவிடலாம். கழுவி இறக்கிய தண்ணீர் போக வழியில்லாத தாழ்ந்த வயலில் இந்தக் கணக்கு எதிராகத் திரும்பும். நிலத்தடி மட்டம் மேலே வந்து, ஆவியாகி, உப்பு வெள்ளையாகப் பூத்துவிடும். வடிகால் வெட்ட இடமில்லாத நிலத்துக்கு இந்தத் தண்ணீர் வேண்டாம்.

(சில இடங்களில் இது தலைகீழாகவும் இருக்கும். ஆழ்குழாயின் இ.சி. 3, எஸ்டிபி தண்ணீர் 1.4 என்றால், சாக்கடைதான் கிணற்று நீரை நல்லதாக்குகிறது. சரிபாதி கலந்தால் 2.2. அளக்காமல் எதையும் நல்லது கெட்டது என்று முடிவுகட்டாதீர்கள்.)

சோடியம், அதைவிட மோசம்

உப்பு பயிரை வாட்டும். சோடியம் மண்ணையே குலைக்கும். ஆய்வகத்தில் கால்சியம், மெக்னீசியம், சோடியம், பைகார்பனேட் நான்கையும் லிட்டருக்கு மில்லி ஈக்விவலன்ட் அளவில் கேட்டு வாங்குங்கள். கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கூட்டி, பாதியாக்கி, வர்க்கமூலம் எடுத்து, அதனால் சோடியத்தை வகுத்தால் வருவது எஸ்.ஏ.ஆர். (சோடியம் உறிஞ்சு விகிதம்). சோடியம் 9, கால்சியம் 2, மெக்னீசியம் 2 என்றால் 9-ஐ 1.41 ஆல் வகுக்க, 6.4. செம்மண்ணில் இதைச் சமாளிக்கலாம். கரிசலிலும் களிமண்ணிலும் இது ஆபத்தான எண்.

பலர் ஏமாறுவது இங்கேதான். பாய்ச்சும் காலத்தில் மண் நன்றாகவே இருக்கும், ஏனென்றால் அந்தத் தண்ணீரில் உள்ள உப்பே களிமண் துகள்களை ஒட்டிப் பிடித்து வைத்திருக்கிறது. ஐப்பசி மழை பெய்து அந்த உப்பைக் கழுவியதும், சோடியம் ஏறிய களி பிரிந்து கூழாகி, துளைகளை அடைத்துக்கொள்கிறது. தண்ணீர் நாள்கணக்கில் நிற்கும். காய்ந்ததும் மேலே பொருக்கு கட்டும், முளை வெளியே வராது. மழையில்தான் கெட்டது என்று தோன்றும். கெடுத்தது கோடையில் விட்ட தண்ணீர்.

இதற்கு மருந்து ஜிப்சம். ஆயிரம் லிட்டர் தண்ணீரில் ஒரு மில்லி ஈக்விவலன்ட் கால்சியத்தைக் கூட்ட 86 கிராம் தூய ஜிப்சம் வேண்டும். மேலே சொன்ன தண்ணீரில் இரண்டு கூட்டினால் எஸ்.ஏ.ஆர். 6.4 இலிருந்து 5.2-க்கு இறங்கும். ஏக்கருக்கு 500 மி.மீ. என்பது சுமார் 20 லட்சம் லிட்டர். அதற்கு 344 கிலோ, ஏறக்குறைய ஏழு 50 கிலோ மூட்டை. மழைக்கு முன்பே இட்டு, மண்ணில் கலந்துவிட வேண்டும். சந்தை ஜிப்சத்தின் தூய்மை 70 விழுக்காடு என்றால் மூட்டை பத்தாகும். அறிக்கையில் எஞ்சிய சோடியம் கார்பனேட் (கார்பனேட், பைகார்பனேட் கூட்டலிலிருந்து கால்சியம், மெக்னீசியம் கூட்டலைக் கழித்தது) 2.5-ஐத் தாண்டியிருந்தால், ஜிப்சம் இல்லாமல் அந்தத் தண்ணீரை எடுக்கவே கூடாது.

போரானை எல்லா ஆய்வகமும் பார்ப்பதில்லை. எலுமிச்சை, ஆரஞ்சு வைத்திருப்பவர்கள் எப்படியாவது பார்த்துவிடுங்கள். லிட்டருக்கு 0.7 மி.கி. தாண்டினால் முற்றிய இலைகளின் நுனி மஞ்சளாகிக் கருகும். சலவைத்தூள் வழியாக வரும் இந்தப் போரானைச் சுத்திகரிப்பில் எடுக்க முடியாது என்று கண்ட இஸ்ரேல், சலவைத்தூளிலேயே போரானைக் குறைக்க அளவு வைத்தது. கழிவுநீரில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கை வேளாண்மைக்குத் திருப்பும் நாடு அது. வயலில் தீர்க்க முடியாததை வீட்டிலேயே தடுத்தார்கள்.

இலவச உரம் எவ்வளவு?

சாதாரண எஸ்டிபி தண்ணீரில் தழைச்சத்து லிட்டருக்கு 30 மி.கி., மணிச்சத்தாகும் பாஸ்பரஸ் 6, சாம்பல்சத்தாகும் பொட்டாசியம் 20 என்று வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 20 லட்சம் லிட்டர் பாய்ந்தால் 60 கிலோ தழைச்சத்து. 45 கிலோ யூரியா மூட்டையில் ஏறக்குறைய மூன்று. மணிச்சத்து ஒரு டிஏபி மூட்டையைத் தாண்டும். பொட்டாஷ் ஒன்றரை மூட்டை. காசு மிச்சம் என்பது உண்மைதான்.

சிக்கல் என்னவென்றால், மூட்டையை வேண்டும்போது பிரிக்கலாம், இந்த உரத்தை நிறுத்த முடியாது. தண்ணீர் போகும்போதெல்லாம் கூடவே போகும். நெல்லுக்கு 1,200 மி.மீ. இதே தண்ணீரைப் பாய்ச்சினால் ஏக்கருக்கு 146 கிலோ தழைச்சத்து இறங்குகிறது. பரிந்துரை 60 கிலோதான். சேற்று வயலில் ஒரு பங்கு காற்றோடு போனாலும் மீதியே அதிகம். பயிர் கரும்பச்சையாக, பார்க்க அழகாக நிற்கும். பிறகு குலைநோய், புகையான், இலைச்சுருட்டுப் புழு எல்லாம் வரிசையாக வரும். கதிர் வந்ததும் சாயும், பதர் கூடும். கரும்புக்கு 1,800 மி.மீ. என்றால் 218 கிலோ. தண்டு பருக்கும், சர்க்கரை ஏறாது. பருத்தி செடியாகவே வளர்ந்துகொண்டு காய் வெடிக்கத் தாமதிக்கும்.

ஆகவே யூரியாவை முதலில் முழுக்க நிறுத்துங்கள். இந்தத் தண்ணீர் பாயும் வயலில் மேலுரமாக யூரியா தூவுவது நோய்க்கு விருந்து வைப்பதாகும். இரண்டாவது, நெல்லில் தூர் கட்டும் காலம் முடியும்வரை எஸ்டிபி தண்ணீர், கதிர்க் கரு உருவானபின் கிணற்றுநீர். கரும்பில் ஏழாம் மாதத்துக்குப் பிறகு மாற்றுங்கள். கிணற்றுநீர் போதாதென்றால் ஒரு தண்ணீர் இது, ஒரு தண்ணீர் அது என்று மாற்றி மாற்றி விடலாம். மாற்றுத் தண்ணீரே இல்லை என்றால் நெல்லும் கரும்பும் உங்களுக்கான பயிர்கள் அல்ல.

தீவனப்புல்தான் இந்தக் கணக்குக்கு நேராகப் பொருந்தும். கோ-4, கோ-5 கம்பு நேப்பியரில் ஏக்கருக்கு வருடத்துக்கு 100 டன் பச்சைத்தீவனம் வெட்டினால் உலர்பொருள் 20 டன் என்று கொள்ளலாம். அதில் 1.5 விழுக்காடு தழைச்சத்து என்றால் 300 கிலோ வயலைவிட்டு வெளியே போகிறது. மதுரை அவனியாபுரம் கழிவுநீர்ப் பண்ணையிலும் ஹைதராபாத்தில் மூசி ஆற்றங்கரையிலும் புல்லே நிலைத்ததற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. மாட்டுக்குக் கொடுப்பதில் இரண்டு கட்டுப்பாடு. நைட்ரேட் தண்டின் அடிப்பகுதியில்தான் தேங்கும், ஆகவே தரையிலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டுங்கள். மேகமூட்டமான நாட்களில் வெட்டிய இளம் புல்லை வைக்கோலோடு கலந்து போடுங்கள். காயவைத்தால் நைட்ரேட் குறையாது. ஊறுகாய்ப்புல் ஆக்கினால் ஓரளவு குறையும். அந்த வயலில் மாட்டை அவிழ்த்து மேயவிடாதீர்கள். மனிதரின் நாடாப்புழு முட்டை மாட்டுக்கும், மாட்டின் இறைச்சி வழியாக மறுபடி மனிதருக்கும் போகும். பாய்ச்சல் நிறுத்தி இரண்டு வாரம் கழித்துதான் மேய்ச்சல்.

புழு முட்டைக்குக் குளோரின் பயப்படாது

எஸ்டிபி கடைசியில் குளோரின் போட்டு கோலிஃபார்மை 1,000-க்குக் கீழே கொண்டுவந்துவிட்டது என்றால் பாக்டீரியா செத்தது என்றுதான் அர்த்தம். உருண்டைப்புழு முட்டையின் ஓடு குளோரினை உள்ளே விடாது. அறிக்கை பாஸ், முட்டை உயிரோடு. உலக சுகாதார நிறுவனம் பாசன நீருக்கு வைத்த வரம்பு லிட்டருக்கு ஒரு முட்டை. குழந்தைகள் புழங்கும் வயல் என்றால் பத்து லிட்டருக்கு ஒன்று.

முட்டைக்கு எதிராக வேலை செய்வது பொறுமைதான்: தண்ணீரை ஆடாமல் நிறுத்தினால் முட்டை அடியில் படியும். பெரிய குட்டைகளில் 8 முதல் 10 நாள் தேக்கினால் வரம்புக்குள் வந்துவிடும். வயலில் அவ்வளவு இடமிராது. கானாவின் நகர்ப்புறக் காய்கறித் தோட்டங்களில் சோதித்துப் பார்த்த மூன்று தொட்டி முறை நமக்கும் பொருந்தும். ஒரு தொட்டி நிரம்பும், ஒன்று தெளியும், ஒன்றிலிருந்து எடுப்போம். ஏக்கர் சொட்டுநீர்ப் பயிருக்கு நாளைக்கு 5 மி.மீ. என்றால் 20,000 லிட்டர். ஒவ்வொரு தொட்டியும் 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 1.3 மீட்டர் ஆழம். மேல் ஒரு மீட்டர் தண்ணீருக்கு, அடி 30 செ.மீ. வண்டலுக்கு. நான்காவது தொட்டி வெட்ட இடமிருந்தால் தெளியும் நேரம் இரண்டு நாளாகும், அது மிக நல்லது. அடியில் சில்பாலின் விரிப்புப் போதும்.

தொட்டி வெட்டுவதைவிட, எடுப்பதில்தான் தவறு நடக்கிறது. ஃபுட்வால்வை (மோட்டார் உறிஞ்சுகுழாயின் நுனி வால்வு) அடியில் போட்டால் படிந்த முட்டையைத்தான் முதலில் உறிஞ்சும். மூடிய 20 லிட்டர் கேனில் கயிறு கட்டி, ஃபுட்வால்வு நீர்மட்டத்துக்கு 30 செ.மீ. கீழே தொங்கும்படி மிதக்கவிடுங்கள். கேன் இறங்க இறங்க அதுவும் இறங்கும். தொட்டியின் அடியிலிருந்து 30 செ.மீ.க்குக் கீழே இறங்காதபடி கயிற்றை முளையில் கட்டிவிடுங்கள். தண்ணீர் உள்ளே விழும் இடத்தில் செங்கல் தடுப்பு வையுங்கள், இல்லையென்றால் விழும் வேகமே அடியைக் கலக்கிவிடும். குடத்தையும் வாளியையும் தொட்டிக்குள் முக்கி எடுப்பது கூடவே கூடாது. அடி வண்டலை ஆண்டுக்கு ஒருமுறை வாரி, காய்கறிப் பாத்திக்கு எட்டாத இடத்தில் குழியில் புதைத்து மேலே மரம் வையுங்கள். அதில் உள்ள முட்டை ஒரு வருடத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும். கொல்லை உரமாகத் தூவிவிடாதீர்கள்.

தேங்கிய அழுக்குநீரில் க்யூலெக்ஸ் கொசு பெருகும். கரையோரப் புல்லை வழித்துவிட்டு, தொட்டியை, அடி 30 செ.மீ. நீங்கலாக, மூன்று நாளுக்கு ஒருமுறை வடித்து நிரப்பினால் கொசுப்புழு கொசுவாகும் முன்பே பெரும்பாலும் வெளியேறிவிடும்.

சொட்டுநீர் அடைப்பு

சொட்டுநீர் இந்தத் தண்ணீருக்கு நல்லது. இலையில் படாது, காலில் படாது, காற்றில் தெறிக்காது. ஆனால் மிதக்கும் திடப்பொருள் 50 மி.கி. தாண்டினால் அடைப்பு தொடங்கும், 100 தாண்டினால் ஓயாத தொல்லை. சல்லடை ஃபில்டர் ஒன்றை மட்டும் வைத்தால் பாசியும் கோழையும் ஒரு மணி நேரத்தில் பூசிக்கொள்ளும். முதலில் மணல் ஃபில்டர், அடுத்து 120 மெஷ் டிஸ்க் ஃபில்டர், இதுதான் வரிசை. ஃபில்டருக்கு முன்னும் பின்னும் பிரஷர் கேஜ் வையுங்கள். வித்தியாசம் 0.5 கிலோ கூடியதும் பேக்வாஷ் (தண்ணீரை எதிர்த்திசையில் விட்டுக் கழுவுவது). மணிக்கு 2 லிட்டர் டிரிப்பரைவிட 4 லிட்டர் டிரிப்பர் மெதுவாக அடையும். லேட்டரல் (டிரிப்பர் பொருத்திய சிறு குழாய்) நுனிகளை வாரம் ஒருமுறை திறந்து, தண்ணீர் தெளிவாக வரும்வரை விடுங்கள். முதலில் கறுப்பாகக் கோழை வரும். அது வராமல் போனால்தான் சந்தேகப்பட வேண்டும், உள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

கோழையைக் கரைக்க குளோரின். மணிக்கு 10,000 லிட்டர் ஓடும் குழாயில் 10 பிபிஎம் வேண்டுமென்றால் 10 விழுக்காடு சோடியம் ஹைப்போகுளோரைட் மணிக்கு ஒரு லிட்டர் வென்சுரி (குழாயோட்டத்தில் மருந்தை உறிஞ்சிக் கலக்கும் கருவி) வழியாகப் போக வேண்டும். அரை மணி முதல் ஒரு மணி வரை. இந்தத் தண்ணீரில் உள்ள அம்மோனியா குளோரினைத் தின்றுவிடும் என்பது தெரிந்திருக்க வேண்டும். ஒரு மி.கி. அம்மோனியா நைட்ரஜனை முடிக்கவே எட்டு முதல் பத்து மி.கி. குளோரின் வேண்டும். ஆகவே கடைசி டிரிப்பரில் சோதனைக் காகிதம் நிறம் மாறவில்லை என்று அளவை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள், வேர்தான் கருகும். அம்மோனியாவோடு சேர்ந்த குளோரினும் கோழையை மெதுவாக அறுக்கும். பிளீச்சிங் பவுடரை நேரடியாகக் கலக்காதீர்கள். அதன் சுண்ணாம்பே டிரிப்பரை அடைக்கும். அடைந்த சுண்ணாம்பை எடுக்க அமிலம் விடும் நாளும் குளோரின் விடும் நாளும் வேறு வேறாக இருக்கட்டும். இரண்டும் ஒன்றாகக் கலந்தால் எழும் நச்சுவாயு உயிரை எடுக்கும்.

ஸ்பிரிங்க்ளர், மழைத்தூவான் இந்தத் தண்ணீருக்கு வேண்டாம். பக்கத்து வீடு நூறு மீட்டருக்குள் இருந்தால் பேச்சுக்கே இடமில்லை.

கால், கை, கிணறு

சாப்பிடுபவரைவிட வயலில் நிற்பவருக்குத்தான் ஆபத்து முதலில். கொக்கிப்புழு வெறுங்காலின் தோல் வழியாக நுழையும். மடை திறக்க ஐந்து நிமிடம்தானே என்று வெறுங்காலோடு இறங்குவதுதான் பெரும்பாலும் நடப்பது. முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ், கையுறை, வரப்பிலேயே ஒரு சோப்பும் நல்ல தண்ணீர்க் குடமும். காயத்தோடு இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் அந்த வழியில்தான் வரும். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலித்தால், எந்தத் தண்ணீரில் வேலை செய்தீர்கள் என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 தேசியக் குடற்புழு நீக்க நாட்கள். ஒன்று முதல் 19 வயது வரை அங்கன்வாடியிலும் பள்ளியிலும் அல்பெண்டசோல் கொடுக்கிறார்கள். இந்த வயல்களில் வேலை செய்யும் பெரியவர்களும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுச் சாப்பிட வேண்டும். கர்ப்பிணிகள் கேட்காமல் சாப்பிடக்கூடாது.

வயலுக்குப் பக்கத்துக் குடிநீர்க் கிணற்றில் நைட்ரேட்டை மழைக்கு முன்னும் பின்னும் பாருங்கள். லிட்டருக்கு 45 மி.கி. தாண்டினால் கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால்மாவு கரைக்கக் கூடாது. கொதிக்கவைத்தால் போகாது, கூடத்தான் செய்யும்.

2018-இல் தொடங்கிய கோலார் திட்டம் இங்கே நினைவுக்கு வருகிறது. பெங்களூரின் சுத்திகரித்த கழிவுநீரை, நாளைக்கு 44 கோடி லிட்டர் என்ற திட்ட அளவில், ஏரிகளில் நிரப்புகிறார்கள். ஏரியிலிருந்து நேராகப் பாய்ச்சாமல், மண்ணுக்குள் இறங்கி ஊறியதைக் கிணற்றில் எடுப்பதே ஏற்பாடு. புழு முட்டையை மண் நிறுத்தும், அது உண்மை. நைட்ரேட்டையும் உப்பையும் மண் நிறுத்தாது. அங்கே கிணறு ஏறியதைக் கொண்டாடும்போது கிணற்றை அளப்பதும் கூடவே நடக்க வேண்டும்.

என்ன பயிர், யார் எப்படிச் சாப்பிடுவார்கள்

தீவனப்புல், பருத்தி, தேக்கு, சவுக்கு, தென்னை, மக்காச்சோளம் ஆகியவை தாராளம். வாழையில் பழம் தோலுரித்துச் சாப்பிடுவது, கவலையில்லை. இலையில்தான் சோறு போடுகிறோம். இலை அறுக்கும் தோட்டமாக இருந்தால் சொட்டுநீர் மட்டும், அறுத்த இலை தரையில் படாமல் தார்ப்பாயில் அடுக்க வேண்டும். கடித்துத் தின்னும் கரும்பும் ஜூஸ் கடைக்குப் போகும் கரும்பும் ஆலைக்கரும்பு போல அல்ல.

கீரை சமைத்துத்தான் சாப்பிடுகிறோம், சூடு கிருமியைக் கொன்றுவிடும் என்பது சரிதான். கொத்தமல்லி ரசத்தை இறக்கியபின் தூவுவது. புதினா பச்சையாகச் சட்னி. முள்ளங்கி, கேரட், வெள்ளரி, தக்காளி, வெங்காயத்தாள் எல்லாம் பச்சையாகவும் வாய்க்குப் போகும். இவற்றை எஸ்டிபி தண்ணீரில் வைக்காதீர்கள் என்பதே என் உறுதியான கருத்து. உலோகக் கலப்பு சந்தேகமிருந்தால் கீரை வகை முழுக்கவே வேண்டாம், காட்மியத்தைத் தானியத்தைவிட இலை அதிகம் இழுக்கும்.

வேறு வழியில்லாமல் கீரை வைப்பவர்கள் ஒன்றாவது செய்யலாம். அறுவடைக்கு முன் தண்ணீரை நிறுத்தினால் வெயிலில் இலைமேல் உள்ள பாக்டீரியா வேகமாகச் சாகும். ஒவ்வொரு நாளுக்கும், வெயிலைப் பொறுத்து, மூன்றில் ஒன்றாகவோ நூறில் ஒன்றாகவோகூடக் குறையும். ஆனால் சித்திரையில் கீரையை இரண்டு நாள் காயவிட்டால் வாடி விலை போகாது. அறுவடைக்கு முந்தைய கடைசி மூன்று நாளுக்கு மட்டும் கிணற்றுநீர் வாங்கியாவது விடுங்கள், தெளிக்காமல் பாத்தியின் ஓரமாக.

பிறகு கட்டைக் கழுவும் இடம். விடியற்காலையில் பறித்த கீரைக்கட்டு பச்சையாகத் தெரியவேண்டும் என்று அதே வாய்க்காலில் முக்கி எடுத்து வண்டியில் ஏற்றுவதைப் பல ஊர்களில் பார்க்கலாம். மூன்று தொட்டி, மிதக்கும் ஃபுட்வால்வு, கடைசி மூன்று நாள் கிணற்றுநீர் என்று எல்லாம் செய்தபின்னும் அந்த ஒரு முக்கில் அத்தனையும் திரும்ப ஏறிவிடும். 200 லிட்டர் பேரல் இரண்டு, குழாய்த்தண்ணீர், முதல் பேரலில் மண் போக அலசி, இரண்டாவதில் முக்கி எடுங்கள். ஐம்பது கட்டுக்கு ஒருமுறை முதல் பேரலைக் கொட்டிவிட்டு, இரண்டாவதை முதலாவதாக மாற்றிக்கொள்ளலாம்.